ஆழ்கடலின் எடையும் ஒரு பிழையான தலைப்பும்

2005 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரம். ஆழிப்பேரலை எமது கரைகளை விழுங்கி ஓராண்டு நிறைவடையவிருந்த காலம். நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில், 'கடல்' என்ற சொல் இடம்பெற்ற எந்தச் செய்தியையும் ஒதுக்கிவிட அந்நாட்களில் எவருக்கும் மனம் வராது. அவ்வாறான ஓர் இரவில் வெளிநாட்டுச் செய்தி முகவரகம் ஒன்றின் செய்தி என் மேசைக்கு வந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் சுற்றோட்டம் 1957 முதல் 2004 வரையான காலப்பகுதியில் ஏறத்தாழ 30 சதவீதத்தால் தளர்ந்துவிட்டதாகப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். அச்செய்தியை மொழிபெயர்த்தவன் நான். 'உறையப் போகிறது ஐரோப்பா' என்று தலைப்பிட்டவனும் நானே. ஒரு கேள்விக்குறியைக் கூட நான் இடவில்லை.

மறுநாள் முற்பகல் வடமராட்சியிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என்ரை மூத்தவன் நோர்வேயிலை இருக்கிறான். பேப்பரிலை போட்டிருக்கிறியள், அங்கை எல்லாம் உறைஞ்சு போகுமாம். பிள்ளையளுக்கு ஏதும் நடந்திடுமோ?" என்று கேட்டார். "பயப்பட வேண்டாம் அம்மா, அது நூறு வருடத்துக்குப் பிறகு நடக்கிற கதை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பதிலும் எனக்குத் தெரிந்து சொன்னதல்ல.

2007 ஆம் ஆண்டில் அதே ஆய்வாளர்கள் இன்னொரு கட்டுரையை வெளியிட்டார்கள். தாம் முன்னர் எழுதியதைத் தாமே மறுபரிசீலனை செய்யவைக்கும் புதிய அளவீடுகள் அதில் இருந்தன. அந்தக் கட்டுரை பற்றிய செய்தி எமது பத்திரிகையில் வரவில்லை. அதன் விபரத்தைப் பின்னர் கூறுகிறேன். அந்தத் தாயின் கேள்விக்குச் சரியான பதிலைக் கூறவேண்டுமாயின், கடலின் அடியில் நீர் ஏன் நகர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கலைப் பட்டதாரியான எனக்கு அதை விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்தன. மனிதகுலத்துக்கோ இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்திருக்கிறது.

அடிப்படை விடயம் எளிமையானது. ஒரு கன மீற்றர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோகிராம். அதேயளவு கடல்நீர் மேற்பரப்பில் சுமார் 1025 கிலோகிராம். நீர் குளிர்ந்தால் சுருங்கி அடர்த்தி கூடும். உப்பு மிகுந்தாலும் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடிய நீர் தாழும், குறைந்த நீர் மிதக்கும். ஆனால், ஆழ்கடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் பெரும் நீர்த்திரள்களை ஒரே அமுக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒரு கன மீற்றருக்கு நூறு கிராம் அளவினதே. ஒரு தொன் நெல்லின்மேல் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டால் ஏற்படும் வேறுபாடு அவ்வளவுதான். உலக சமுத்திரங்களின் அடித்தளத்தில் எந்த நீர் எங்கே கிடக்கும், எத்திசையில் நகரும் என்பதை இந்தக் கைப்பிடி நெல்லே பெருமளவில் தீர்மானிக்கிறது.

ஆழ்கடல் குளிரானது என்பதை முதன்முதலில் அளந்து எழுதியவர்களுள் ஒருவர் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். 1751 ஆம் ஆண்டில் அவர் 'ஏர்ல் ஒப் ஹலிபக்ஸ்' என்ற கப்பலில் ஆபிரிக்கக் கரையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற மதகுருவும் விஞ்ஞானியுமானவர் வடிவமைத்த வாளி ஒன்று அவரிடம் இருந்தது. கீழே இறங்கும்போது திறந்திருந்து, மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும் கதவுகள் அதற்கு உண்டு. வெய்யில் கொளுத்தும் அயன மண்டலக் கடலில், மேற்பரப்பு நீர் 84 பாகை பரனைற்றாக இருந்த இடத்தில், 3900 அடி ஆழத்திலிருந்து வந்த நீர் 53 பாகையாக இருந்தது. 5346 அடிவரை இறக்கிப் பார்த்தார். அதற்குக் கீழே குறையவில்லை. இழுத்தெடுக்கும் நீண்ட நேரத்தில் நீர் வழியிலேயே சற்று வெப்பமடைந்திருக்கும் என்பதை இன்று நாம் அறிவோம். எனினும் உண்மை வெளிப்பட்டுவிட்டது. நெருப்பாய்க் காயும் வெய்யிலின் கீழே, ஒரு மைல் ஆழத்தில், குளிர்ந்த நீர் கிடந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை எல்லிஸ் எதற்குப் பயன்படுத்தினார்? குளிப்பதற்கும் திராட்சை மதுவைக் குளிர்விப்பதற்கும். அந்தக் கப்பல் எதற்காக ஆபிரிக்கா சென்றது? அடிமைகளை ஏற்றி வருவதற்கு. ஆழ்கடல் விஞ்ஞானத்தின் முதற்பக்கம் அப்படியொரு கப்பலின் மேற்தளத்தில் எழுதப்பட்டது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைக் கூறுவது நேர்மையாகாது.

எல்லிஸின் அளவீட்டுக்கு அர்த்தம் சொன்னவர் ரம்போர்ட் பிரபு எனப்படும் பெஞ்சமின் தொம்சன். அமெரிக்காவில் பிறந்து, பிரித்தானியாவின் பக்கம் நின்று, பின்னர் பவேரியாவில் உயர்பதவி வகித்தவர். ஒருநாள் பரிசோதனை ஒன்றுக்குப் பயன்படுத்திய பெரிய மதுசார வெப்பமானி ஒன்றை ஆறுவதற்காக யன்னலோரம் வைத்தார். அதன் குழாயினுள் கிடந்த நுண்ணிய தூசிகள் மேலும் கீழுமாக ஓடுவதைக் கண்டார். குழாயின் நடுவில் ஏறி, ஓரங்களில் இறங்கின. குளிர்ந்த திரவம் தாழ்கிறது, சூடான திரவம் அதன் இடத்தை நிரப்புகிறது என்பதை உணர்ந்தார். அக்குழாயில் கண்டதை அவர் சமுத்திரத்துக்குப் பொருத்தினார். அயன மண்டலத்தில் நீரைக் குளிர்விக்க எதுவும் இல்லை. ஆகவே அங்கே ஆழத்தில் கிடக்கும் குளிர்நீர் அங்கே பிறந்ததாக இருக்க முடியாது. துருவப் பகுதிகளில் குளிர்ந்து, தாழ்ந்து, அடித்தளத்தின் வழியாக ஊர்ந்தே அது வந்திருக்க வேண்டும். அப்படியாயின் மேலே சூடான நீர் துருவங்களை நோக்கிச் செல்லவும் வேண்டும். 1797 இல் வெளியான கட்டுரையில் அவர் கூறிய இந்த முடிவு, சாராம்சத்தில் இன்றும் சரியானதே.

அடுத்து வந்தவர் எமது பாடசாலைப் பௌதிகவியல் நூல்களில் 'லென்சின் விதி' மூலம் அறிமுகமான எமில் லென்ஸ். மின்னியலில் புகழ்பெறுவதற்கு முன்னர், பத்தொன்பது வயது இளைஞனாக, 1823 இல் ரஷ்யக் கப்பல் ஒன்றில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். வழியில் நீர் சூடாகிவிடும் தவறைக் கணக்கிட்டுத் திருத்திக்கொண்டு ஆழ்கடலின் வெப்பநிலையை அளந்தார். மத்திய கோட்டுக்கு அண்மையில் குளிர்நீர் மேற்பரப்புக்கு மிக அருகே வந்திருப்பதை 1845 இல் எடுத்துக்காட்டினார். இரு துருவங்களிலிருந்தும் வரும் நீர் அங்கே மேலெழுகிறது என்பது அவரது விளக்கம்.

இப்படி உண்மைக்கு இவ்வளவு அண்மையில் வந்தபின், விஞ்ஞானம் பின்னோக்கிச் சென்ற கதைதான் என்னைப் போன்ற பத்திரிகையாளனை யோசிக்க வைப்பது. நன்னீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தி கொண்டது. அதனாலேயே குளிர்நாட்டு ஏரிகளின் மேலே பனிக்கட்டி மிதக்க, அடியில் 4 பாகை நீர் தங்கி மீன்களைக் காப்பாற்றுகிறது. கடலும் அப்படித்தான் இருக்கும், உலகெங்கும் ஆழ்கடல் 4 பாகையில் அசையாமல் கிடக்கிறது என்று பலர் நம்பினார்கள். கடல்நீருக்கு அந்தக் குணம் இல்லை, அது உறையும் வரையில் சுருங்கிக்கொண்டே போகும் என்று அலெக்சாண்டர் மார்செட் 1819 இலேயே காட்டியிருந்தார். அது கவனிக்கப்படவில்லை. அந்தாட்டிக்காவுக்கு 1839 முதல் 1843 வரை பெரும் பயணம் மேற்கொண்ட ஜேம்ஸ் கிளார்க் றொஸ் போன்ற புகழ்பெற்ற மாலுமிகளின் அளவீடுகளும் 4 பாகையையே காட்டின.

தவறு வெப்பமானியில் இருந்தது. கடலில் 10 மீற்றர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 2000 மீற்றரில் இருநூறு வளிமண்டல அமுக்கம் வெப்பமானியின் கண்ணாடிக் குமிழை நசுக்க, உள்ளிருந்த திரவம் மேலேறி இல்லாத வெப்பத்தைக் காட்டியது. பொய்யான அளவீடு பொய்யான கோட்பாட்டுக்குச் சாட்சியானது. பொய்யான கோட்பாடு பொய்யான அளவீட்டைச் சந்தேகிக்க விடாமல் காத்தது. இருவர் ஒருவருக்கொருவர் பிணை நின்றது போல இந்தத் தவறு பல ஆண்டுகள் நிலைத்தது.

இதனை உடைக்க உதவியவர்கள் வில்லியம் கார்பென்டரும் வைவில் தொம்சனும். 1868 இல் 'லைற்னிங்' என்ற பழைய கப்பலில் ஸ்கொட்லாந்துக்கும் பரோ தீவுகளுக்கும் இடையே அவர்கள் அளந்தபோது, ஒரே ஆழத்தில் ஓரிடத்தில் நீர் பூச்சியப் பாகைக்கு அண்மையிலும், அதிக தூரமில்லாத இன்னோரிடத்தில் 8 பாகை அளவிலும் இருந்தது. எங்கும் 4 பாகை என்ற கோட்பாட்டுக்கு அங்கே இடமில்லை. மறுவருடம், குமிழைச் சுற்றி இன்னொரு கண்ணாடிக் குமிழ் பொருத்தி அமுக்கத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட வெப்பமானிகளை எடுத்துச் சென்றார்கள். பழைய 4 பாகை அத்துடன் மறைந்தது.

கார்பென்டர் அத்துடன் நிற்கவில்லை. 1871 இல் லண்டனில் புவியியலாளர் சபை முன்னிலையில் ஒரு நீண்ட கண்ணாடித் தொட்டியை வைத்தார். ஒரு முனையில் பனிக்கட்டி, மறுமுனையில் சூடு. குளிர்ந்த முனையில் இட்ட நீலச்சாயம் அடியாலும், சூடான முனையில் இட்ட செந்நிறச் சாயம் மேலாலும் ஓடின. இதுதான் சமுத்திரம் என்றார். அவரை எதிர்த்து எழுந்தவர் ஜேம்ஸ் குறோல். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரியின் காவலாளாக இருந்து, அங்கிருந்த நூலகத்தில் தானாகவே படித்து அறிஞரானவர். அடர்த்தி வேறுபாடு மிகமிகச் சிறியது, இவ்வளவு பெரிய கடலைத் தள்ளும் வலு அதற்கு இல்லை, காற்றே கடலை இயக்குகிறது என்று அவர் வாதாடினார். சஞ்சிகைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்த அந்த விவாதம் கசப்பாகவும் இருந்தது. யார் வென்றார் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

விவாதத்தைச் சொற்களால் தீர்க்க முடியாது. நீரை நிறுத்துப் பார்க்க வேண்டும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த நீர் மாதிரிகளில் 77 ஐ வில்லியம் டிற்மார் பகுப்பாய்வு செய்தார். கடலின் எந்த மூலையிலும் உப்புகளின் மொத்த அளவு மாறினாலும், அவற்றுக்கிடையிலான விகிதம் அநேகமாக மாறுவதில்லை என்பது 1884 இல் உறுதியானது. ஆகவே ஒரு கூறை அளந்தால் முழு உவர்ப்பையும் கணிக்கலாம். இந்த அடிப்படையில் டென்மார்க்கின் மார்ட்டின் நூட்சன் 1901 இல் வெளியிட்ட அட்டவணைகள், உவர்ப்பும் வெப்பநிலையும் தெரிந்தால் அடர்த்தியைச் சொல்லிவிடும். உலகின் எல்லா ஆய்வுகூடங்களும் ஒரே படிக்கல்லால் நிறுக்க வேண்டும் என்பதற்காகக் கொப்பன்ஹேகனிலிருந்து கண்ணாடிக் குழாய்களில் அடைத்த நியமக் கடல்நீர் அனுப்பிவைக்கப்பட்டது.

இந்தத் துல்லியத்துக்காக விடாப்பிடியாக நின்றவர் நோர்வேயின் பிரித்ஜோவ் நான்சன். 1893 இல் 'பிராம்' கப்பலில் புறப்பட்டு வடதுருவப் பனிக்கட்டியோடு மிதந்து சென்றவர். ஆழ்நீரின் வேறுபாடுகள் மிகச் சிறியவை என்பதால் தனது சொந்த அளவீடுகளின் குறைகளையே அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் தென்துருவத்தை முதலில் அடைந்த ரோல்ட் அமுண்ட்சன், 1901 இல் நோர்வே, கிறீன்லாந்துக் கடல்களில் எடுத்துவந்த அளவீடுகளை நான்சன் ஆராய்ந்து 1906 இல் வெளியிட்டார். குளிர்காலத்தில் அங்கே மேற்பரப்பு நீர் குளிர்ந்து குளிர்ந்து, ஆழத்து நீரின் அடர்த்தியை எட்டியதும் தாழ்கிறது என்பது அதில் தெளிவானது. ஆழ்நீர் 'பிறக்கும்' இடங்களில் ஒன்று கண்டறியப்பட்டது. இதே நான்சன்தான் முதலாம் உலகப்போரின் பின்னர் நாடற்றுப்போன அகதிகளுக்கு, அவரது பெயராலேயே அழைக்கப்பட்ட கடவுச்சீட்டைப் பெற்றுக்கொடுத்து, 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். புலம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்கள் அந்தப் பெயரை இரு தடவை நினைவுகூரலாம்.

அக்காலத்திலேயே இன்னொரு முக்கியமான படியும் கடக்கப்பட்டது. பூமி சுழல்வதால் கடல்நீர், அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நேரே ஓடுவதில்லை. வட அரைக்கோளத்தில் அது வலப்புறம் திரும்பி, இரண்டுக்கும் குறுக்காகச் செல்கிறது. ஆகவே கடலின் இரு கரைகளிலும் மேலிருந்து கீழ்வரை அடர்த்தியை அளந்தால், இடையில் எவ்வளவு நீர் பாய்கிறது என்பதைக் கணிக்கலாம். ஹெலண்ட்-ஹான்சன், சான்ட்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் 1903 இல் இம்முறையை வகுத்தனர். நீரோட்டத்தை நேரில் காணாமலே, எடையைக்கொண்டு அதை அறியும் வழி இது.

1925 முதல் 1927 வரை ஜேர்மனியின் 'மெற்றியோர்' கப்பல் தென் அத்திலாந்திக்கைக் குறுக்கும் மறுக்குமாகக் கடந்து 310 இடங்களில் அளவெடுத்தது. கடல்நீரில் பொன் எடுத்து யுத்த நட்டஈட்டைக் கட்டலாம் என்ற இரசாயன விஞ்ஞானி ஹாபரின் கனவும் அப்பயணத்தில் சேர்ந்திருந்தது. பொன் கட்டுப்படியாகும் அளவில் இல்லை. பயணத் தலைவர் அல்பிரட் மேர்ஸ், தொடங்கிய ஆண்டிலேயே நோயுற்றுப் புவனஸ் அயர்சில் காலமானார். ஆனால் அவரது மாணவர் கியோர்க் வூஸ்ற் அந்த அளவீடுகளிலிருந்து ஆழ்கடலின் படத்தை வரைந்தார். வடக்கிலிருந்து உப்பும் ஒட்சிசனும் மிகுந்த ஆழ்நீர் தெற்கே செல்கிறது. அதற்கும் கீழே, அந்தாட்டிக்காவின் மிகக் குளிர்ந்த அடிநீர் வடக்கே ஊர்கிறது.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. ஆழத்தில் நீர் அமுக்கப்படுவதால் இரு நீர்களை அந்த நிலையிலேயே ஒப்பிட முடியாது. 4000 மீற்றரில் எந்த நீரும் மேற்பரப்பு நீரைவிட ஏறத்தாழ இருபது கிலோகிராம் கூடுதலாக நிறுக்கும். அமுக்கத்தால் அதன் வெப்பநிலையும் சற்று உயரும். ஆகவே இரண்டையும் மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணித்து ஒப்பிடுவதே வழக்கம். அப்படிக் கணித்தபோது, தென் அத்திலாந்திக்கின் சில பகுதிகளில் கீழே கிடக்கும் அந்தாட்டிக்கா நீர், மேலே கிடக்கும் வடக்கு நீரைவிட இலேசானது என்ற விடை வந்தது! பாரமானது மேலே, இலேசானது கீழே. அப்படி இருக்க முடியுமா?

விடை நீரின் குணத்தில் இருந்தது. குளிர்ந்த நீர், சூடான நீரைவிட அதிகமாக அமுங்கும். வடக்கு நீர் தன் பாரத்தை உப்பினால் பெறுகிறது. அந்தாட்டிக்கா நீர் குளிரினால் பெறுகிறது. மேற்பரப்புத் தராசில் இரண்டும் அநேகமாகச் சமம், சிலவேளை வடக்கு நீர் மயிரிழை கூட. ஆனால் அவற்றை 4000 மீற்றருக்கு இறக்கினால், குளிர்ந்த நீர் கூடுதலாகச் சுருங்கி, தராசு மறுபக்கம் சாய்கிறது. எனவே ஆழத்து நீரை ஆழத்துத் தராசிலேயே நிறுக்க வேண்டும். லின், ரீட் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1968 இல் 4000 மீற்றர் ஆழத்து அமுக்கத்தை அடிப்படையாகக் கொண்டு கணித்துக் காட்டியபோது புதிர் அவிழ்ந்தது. எங்கோ ஆழத்தில் நடப்பதை எமது மட்டத்தில் இருந்துகொண்டு நிறுத்தால் விடை தலைகீழாக வரும் என்பது கடலுக்கு மட்டும் பொருந்தும் பாடமல்ல.

இதே அமுங்கும் குணத்தைப் பயன்படுத்தி ஆழ்நீரின் ஓட்டத்தை நேரடியாகத் தொடர்ந்தவர் ஜோன் சுவாலோ. கட்டடச் சாரம் கட்டும் அலுமினியக் குழாய்களை எடுத்து மிதவை செய்தார். அந்தக் குழாய் கடல்நீரைவிடக் குறைவாகவே அமுங்கும். அதனால் அது தாழ்ந்து சென்று, தன் அடர்த்தியும் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியும் சமமாகும் ஆழத்தில் நின்றுவிடும். அங்கிருந்து ஒலியெழுப்பிக்கொண்டு நீரோடு நீராகச் செல்லும். இதற்கிடையில் அமெரிக்காவின் ஹென்றி ஸ்ரொம்மெல், கலாநிதிப் பட்டமே பெறாதவர், வளைகுடா நீரோட்டத்தின் அடியில் எதிர்த்திசையில் ஓர் ஆழ நீரோட்டம் இருந்தாக வேண்டும் என்று கணிதத்தால் எதிர்வு கூறினார். 1957 இல் தென் கரோலினாவுக்கு அப்பால் மிதவைகள் இறக்கப்பட்டன. அவை தெற்கு நோக்கி நகர்ந்தன.

இனி, கார்பென்டரும் குறோலும். நீர் தாழ்வதற்குப் பாரம் காரணம் என்பது சரி. ஆனால் தாழ்ந்த நீர் திரும்ப மேலே வராவிட்டால், சமுத்திரத்தின் அடி குளிர்நீரால் நிரம்பி ஓட்டம் நின்றுவிடும். மேற்பரப்பில் சூடாக்கி மேற்பரப்பிலேயே குளிர்விக்கும் ஒரு பாத்திரத்தில் வலுவான சுற்றோட்டம் நிலைக்காது என்று சான்ட்ஸ்ட்ரோம் 1908 இலேயே கூறியிருந்தார். யார் அதைத் தூக்குகிறார்கள்? சந்திரனும் காற்றும் என்பது இன்றைய விடை. வற்றுப்பெருக்கு அலைகள் கடலடி மலைகளில் மோதி நீரைக் கலக்குகின்றன. அந்தாட்டிக்காவைச் சுற்றி வீசும் கடும் மேல்காற்று ஆழ்நீரை மேலே இழுக்கிறது. வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் இருவரும் 1998 இல் இந்தக் கணக்கை விரிவாக எழுதினர். தாழ்வதில் கார்பென்டர் சொன்னது சரி. எழுவதில் குறோல் சொன்னது சரி. ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட இருவரும் பாதிப் பாதி உண்மையைக் கையில் வைத்திருந்தார்கள்.

எமது கடலுக்கு இதில் என்ன பங்கு? இந்து சமுத்திரத்தின் வடக்கை ஆசியாக் கண்டம் அடைத்து நிற்கிறது. துருவக் குளிர் அங்கே இல்லை. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் நன்னீரைக் கொட்டுவதால், வங்காள விரிகுடாவின் வடபகுதி மேற்பரப்பில் மழைக்காலத்தின் பின் உவர்ப்பு கிலோவுக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்கும். சமுத்திரங்களின் சராசரி 35. அத்தகைய இலேசான நீர் ஒருபோதும் அடிக்குச் செல்லாது. செங்கடலின் நீரில் 40 கிராம் அளவில் உப்பு உண்டு. ஆயினும் சூடானது என்பதால் அது நடுத்தர ஆழத்தோடு நின்றுவிடுகிறது. எனவே தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே 4000 மீற்றர் ஆழத்தில் 2 பாகைக்கும் குறைவான வெப்பநிலையில் கிடக்கும் நீர், எண்ணாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள தென்துருவக் கரையிலிருந்து வந்தது. அந்த ஆழத்து உயிரினங்கள் சுவாசிக்கும் ஒட்சிசன் அங்கே, பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், நீர் கடைசியாக வானத்தைக் கண்டபோது கரைந்தது.

இப்போது 2005 க்கு வருகிறேன். அந்த 30 சதவீதம் எப்படிக் கிடைத்தது? 1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கப்பல்கள் அத்திலாந்திக்கைக் கடந்து எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டதால் கிடைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு ஐந்து புகைப்படங்கள். ஆய்வாளர்கள் செய்த கணக்கில் தவறில்லை. ஆனால் அவர்களே 2004 இல், புளோரிடாவிலிருந்து ஆபிரிக்கா வரை 26.5 பாகை வட அகலக்கோட்டில் நங்கூரமிட்ட கருவிகளை நிறுவியிருந்தார்கள். இரு கரைகளிலும் அடர்த்தியை இடைவிடாது அளக்கும் அந்தக் கருவிகளின் முதல் ஓராண்டு முடிவுகள் 2007 இல் வெளிவந்தன. சுற்றோட்டம் அந்த ஒரே ஆண்டுக்குள் வினாடிக்கு 4 மில்லியன் கன மீற்றருக்கும் 35 மில்லியன் கன மீற்றருக்கும் இடையே ஏறி இறங்கியிருந்தது. அப்படியானால் ஐந்து புகைப்படங்களுக்கிடையே தெரிந்த வேறுபாடு நீண்டகாலத் தளர்வா, அல்லது எந்த ஆண்டும் நிகழும் ஏற்ற இறக்கமா என்று சொல்ல முடியாது. விஞ்ஞானிகள் தமது கணக்கைத் தாமே திருத்தினார்கள். தலைப்பிட்ட நான் திருத்தவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஆபத்து இல்லை என்பதல்ல நான் எழுத வந்த திருத்தம். அந்தக் கருவிகள் காட்டும் சராசரி ஓட்டம் வினாடிக்குச் சுமார் 17 மில்லியன் கன மீற்றர். உலகின் ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் நீரைப்போல் பத்து மடங்குக்கும் மேல். 2009-2010 காலத்தில் அது ஏறத்தாழ ஓராண்டு 30 சதவீதம் குறைந்து பின்னர் மீண்டது. கிறீன்லாந்தின் பனி உருகிச் சேரும் நன்னீர் வடகடல் நீரை இலேசாக்குகிறது. முன்னர் கூறிய கைப்பிடி நெல்லை அது எடுத்துவிட்டால் நீர் தாழாது. வெப்பமும் உப்பும் எதிரெதிராக இழுக்கும் இத்தகைய அமைப்புக்கு ஒரே சூழலில் இரண்டு நிலைகள் இருக்கலாம், ஒன்றிலிருந்து மற்றதற்கு அது திடீரென மாறலாம் என்று 1961 இலேயே எழுதியவர் அதே ஸ்ரொம்மெல்தான். இந்த நூற்றாண்டில் சுற்றோட்டம் தளரும் என்பது பெரும்பாலும் நிச்சயம், 2100 க்கு முன் திடீரென முறியாது என்பதில் நடுத்தர நம்பிக்கை உண்டு என்று காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழு 2021 இல் கூறியது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அது முறியலாம் என்றது. அக்கணிப்பின் முறையை வேறு விஞ்ஞானிகள் ஏற்கவில்லை.

அந்தத் தாய் இன்று அழைத்தால் நான் என்ன சொல்வேன்? "அம்மா, நான் போட்ட தலைப்பு பிழை. ஐரோப்பா உறையப் போகிறது என்று எவரும் நிரூபிக்கவில்லை. அதேபோல, நூறு வருடத்துக்குப் பிறகுதான் என்று நான் சொன்னதும் பிழை. கடலின் அடியில் நீரை நிறுக்கும் தராசுகள் 2004 இலிருந்துதான் இரவு பகலாக நிறுக்கின்றன. ஐம்பது வருடக் கதையைச் சொல்வதற்கு அவற்றுக்கு இன்னும் காலம் வேண்டும். அதுவரைக்கும் அவற்றை நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும், பனியை உருக்கும் புகையைக் குறைக்க வேண்டும்" என்று சொல்வேன்.

றொஸின் வெப்பமானி பொய் சொன்னதற்கு அமுக்கம் காரணம். செய்திமேசையிலும் ஓர் அமுக்கம் உண்டு. நள்ளிரவுக்கு முன் பக்கம் முடிய வேண்டும், தலைப்பு கண்ணில் பட வேண்டும். அந்த அமுக்கத்தில் என் குமிழும் நசுங்கியது. இல்லாத வெப்பத்தை அல்ல, இல்லாத குளிரைக் காட்டியது. இருபது ஆண்டுகள் பிந்தியேனும் அந்தத் திருத்தத்தை இங்கே பதிவுசெய்கிறேன்.